டிஸ்கவரியின் ஏர் சஸ்பென்ஷன் படுத்துவிட்டால்: பழுது பார்ப்பதா, புதிதாகப் போடுவதா, காயிலுக்கு மாறுவதா?

இரவு நேராக நிறுத்திய வண்டி காலையில் ஒரு மூலை இறங்கி நிற்கிறது. ஸ்டார்ட் செய்தால் மெதுவாக எழுந்துகொள்கிறது. சில வாரம் இப்படி ஓடுகிறது. அப்புறம் ஒருநாள் எழ மறுத்து, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கும் ‘நார்மல் உயரம் மட்டும்’ என்ற செய்தியும் வருகின்றன. ஒரு பட்டறையில் காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசர் போய்விட்டது என்கிறார்கள். இன்னொரு பட்டறையில் வண்டியைத் தாங்கும் நான்கு காற்றுப்பைகளையும் மாற்றச் சொல்கிறார்கள். மூன்றாவது இடத்தில், இந்தத் தொல்லையே வேண்டாம், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு சாதாரண இரும்புச் சுருளான காயில் ஸ்பிரிங் போட்டுவிடலாம் என்கிறார்கள். பழைய லேண்ட் ரோவர் டிஸ்கவரி வைத்திருப்பவர்கள் பலர் இந்த இடத்தில்தான் திணறி நிற்கிறார்கள்.

இங்கே டிஸ்கவரி 3 (2004–2009), டிஸ்கவரி 4 (2009–2016) ஆகிய இரண்டையும் வைத்தே எழுதுகிறேன். 2009-ல் லேண்ட் ரோவர் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பனை தொடங்கியதிலிருந்து வந்த வண்டிகள் இப்போது இரண்டாம், மூன்றாம் கைகளில் இருக்கின்றன. வண்டியின் விலை இறங்கிவிட்டது. பாகங்களின் விலை இறங்கவில்லை. அதனால் ஒரு தவறான முடிவின் விலை, வண்டியின் மதிப்போடு ஒப்பிட்டால் மிகப் பெரியது. மெர்சிடிஸ் ஜிஎல், ஆடி க்யூ7 போன்றவற்றிலும் அடிப்படை இதேதான். வேறுபடும் இடங்களை வரும்போது சொல்கிறேன்.

## முடிவுக்கு முன் கேட்க வேண்டியவை

செலவை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுத்தால் தவறும். நான் பார்ப்பவை ஐந்து.

காற்று எங்கே போகிறது? இதற்கு விடை தெரியாமல் மற்ற நான்கையும் பேசிப் பயனில்லை.

வண்டியை எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள்? ஒரு வருடத்தில் விற்பவருக்கும் ஐந்து வருடம் ஓட்டுபவருக்கும் ஒரே பதில் சரிவராது.

எப்படி ஓட்டுகிறீர்கள்? ஏழு பேரும் சாமானும் ஏற்றி மலை ஏறுகிறீர்களா, டிரெய்லர் இழுக்கிறீர்களா, எஸ்டேட் பாதையில் போகிறீர்களா, நகரத்துக்குள் மட்டுமா?

உங்கள் ஊரில் யார் இருக்கிறார்கள்? லேண்ட் ரோவரின் சஸ்பென்ஷன் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனர் வைத்திருப்பவர் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறார்? எல்லா வண்டிக்கும் பொருந்தும் பொதுவான ஓபிடி பழுதறியும் கருவி எஞ்சினைப் படிக்கும்; சஸ்பென்ஷனைப் பெரும்பாலும் படிக்காது.

மொத்தச் செலவு என்ன? பாகத்தின் விலையோடு சுங்கவரி, கூலி, வேலைக்குப் பின் செய்யும் உயர அளவுத்திருத்தம், வண்டி நின்ற நாட்கள், நாளை விற்கும்போது குறையும் விலை எல்லாம் சேர்த்து.

## காற்று எங்கே போகிறது: இதற்கு ஒரு இரவு ஒதுக்குங்கள்

இடது பக்கம் பின்சக்கரத்துக்கு முன்னால், வண்டிக்கு அடியில் ஒரு மூடிக்குள் கம்ப்ரசர் இருக்கிறது. அது காற்றை அழுத்தி, ஈரம் உறிஞ்சும் குருணைகள் நிறைந்த டிரையர் வழியாக டேங்க்குக்கு அனுப்புகிறது. டேங்க்கில் சுமார் 16 பார் அழுத்தம் நிற்கும். அங்கிருந்து வால்வு பிளாக்குகள் வழியாக நான்கு மூலைகளிலும் உள்ள ரப்பர் காற்றுப்பைகளுக்குக் காற்று போகிறது. ஒவ்வொரு மூலையிலும் ஒரு உயர சென்சார் கம்ப்யூட்டருக்குச் செய்தி சொல்கிறது. பழுது இந்தச் சங்கிலியில் எங்கும் இருக்கலாம்.

கம்ப்ரசர் பெரும்பாலும் பாதிக்கப்பட்டது. குற்றவாளி வேறு எங்கோ இருக்கிறது. ஒரு மூலையில் மெல்லிய கசிவு. அதை ஈடுகட்ட கம்ப்ரசர் நாளெல்லாம் ஓடுகிறது. பிஸ்டன் சீல் தேய்கிறது, டிரையர் ஈரத்தில் ஊறுகிறது, கடைசியில் கம்ப்ரசர் நிற்கிறது. கசிவைத் தேடாமல் புதுக் கம்ப்ரசர் போட்டால், அதுவும் அதே வழியில் போகும். ‘ஆறு மாதத்தில் திரும்பவும் போச்சு’ என்று சொல்பவர்களின் கதையைக் கேட்டால் அடியில் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

சோதனைக்கு வேண்டியது ஒரு அளவு டேப்பும் சோப்புத் தண்ணீரும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் அளந்து எழுதுங்கள். அப்புறம் சஸ்பென்ஷன் கம்ப்யூட்டரின் ஃபியூஸைக் கழற்றுங்கள். எந்த ஃபியூஸ் என்பது உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். இந்தப் படியைத் தவறவிடாதீர்கள். நிறுத்திய வண்டியிலும் அந்தக் கம்ப்யூட்டர் சில மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்து உயரத்தைப் பார்க்கும். ஒரு மூலை இறங்கியிருந்தால் மற்றவற்றையும் அதற்குச் சமமாக இறக்கும். காலையில் நான்கு பக்கமும் இறங்கி நிற்பதைப் பார்த்து நான்கு பைகளும் போய்விட்டன என்று முடிவுகட்டுவது இதனால்தான் தவறாகிறது. உண்மையில் கசிவது ஒன்றாக இருக்கலாம்.

மறுநாள் காலை திரும்ப அளந்து பாருங்கள்.

ஒரே மூலை இறங்கியிருந்தால் அந்தப் பை, அதன் பைப், பைப் இணைப்பு, வால்வு பிளாக்கில் அந்த மூலைக்கான வால்வு, இவற்றில் ஒன்று. பையின் மடிப்பில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் நுரை காட்டிக்கொடுக்கும். வண்டியை உயர்த்திய நிலையிலும் இறக்கிய நிலையிலும் பாருங்கள். உயரம் மாறும்போது மடிப்பு வேறு இடத்துக்கு நகர்கிறது, ஒரு நிலையில் மூடிக்கொள்ளும் வெடிப்பு இன்னொரு நிலையில் திறக்கும்.

முன் இரண்டும் அல்லது பின் இரண்டும் சேர்ந்து இறங்கினால் வால்வு பிளாக்கைச் சந்தேகியுங்கள்.

இரவெல்லாம் உயரம் அப்படியே இருக்கிறது, ஆனால் எழுப்பினால் எழவில்லை என்றால் கசிவு பைகளில் இல்லை. ஃபியூஸ், ரிலே, கம்ப்ரசர், டிரையர், டேங்க் பைப் என்ற வரிசையில் பாருங்கள். ரிலே, அதாவது கம்ப்ரசருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச், மிக மலிவான பாகம். அது ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக் கருகும். அதனால் கம்ப்ரசரில் கை வைக்கும் எவரும் ரிலேவையும் மாற்றுவது நல்லது.

ஒரு இரவில் எதுவும் இறங்கவில்லை, ஆனால் பள்ளத்தில் விழுந்தால் விளக்கு வருகிறது, கொஞ்ச நேரத்தில் போகிறது என்றால் உயர சென்சார், அதன் கனெக்டர், அதன் சிறு கை ஆகியவற்றில் துருவோ தளர்வோ இருக்கும்.

ஸ்கேனர் கிடைத்தால் இரண்டு ஃபால்ட் கோடுகளை (பழுதுக் குறியீடுகளை) நினைவில் வையுங்கள். சி1ஏ20 என்றால் டேங்க்கில் அழுத்தம் ஏறும் வேகம் போதவில்லை: தேய்ந்த பிஸ்டன், அடைத்த பில்டர், அல்லது வழியில் கசிவு. சி1ஏ13 என்றால் வெளியேற வேண்டிய காற்று வெளியேறவில்லை: டிரையர் குருணை பொடிந்து வெளியேறும் பாதையை அடைத்திருக்கலாம். இந்தக் கோடுகள் எந்தப் பாகத்தை வாங்குவது என்று சொல்வதில்லை, எந்தப் பக்கம் தேடுவது என்றே சொல்கின்றன. இன்னொன்று: கம்ப்ரசர் அதிகம் சூடானால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். பட்டறையில் பத்து முறை ஏற்றி இறக்கிவிட்டு, ‘பாருங்க, ஓடலை’ என்று யாராவது காட்டினால், ஆறவிட்டுத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் வைத்திருப்பவர்களுக்கு: குளிரில் ரப்பர் சீல்கள் இறுகிக் கசிவு கூடும். கோயம்புத்தூரில் நிறுத்திச் சோதித்தால் எதுவும் தெரியாமல் போகலாம். கசியும் ஊரிலேயே சோதியுங்கள்.

அடியில் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. காற்று தாங்கி நிற்கும் வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. ஒரு வால்வு திறந்தால் வண்டி சில நொடியில் இறங்கிவிடும். சேஸிஸை ஆக்ஸில் ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்திய பிறகுதான் உள்ளே போகலாம். பைப்பைக் கழற்றும் முன் ஸ்கேனர் மூலம் அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும்.

## வழி 1: பழுதான பாகத்தை மட்டும் சரிசெய்வது

கசிவு பைப் இணைப்பிலோ, தேய்மானம் கம்ப்ரசர் சீலிலோ என்று உறுதியானால் இதைவிட நல்ல வழி இல்லை. டிஸ்கவரியில் ஹிட்டாச்சி, ஏஎம்கே என்ற இரண்டு நிறுவனங்களின் கம்ப்ரசர்கள் இருக்கும். இரண்டுக்குமே பிஸ்டன் சீல், டிரையர் குருணை ஆகியவை தனியாகக் கிடைக்கின்றன. மோட்டார் நன்றாக இருந்தால் முழுக் கம்ப்ரசரின் விலையில் சிறு பகுதியிலேயே வேலை முடியும்.

பைப் இணைப்பைத் திரும்பப் பொருத்தும்போது, பழைய பிடிப்பின் தடம் பதிந்த முனையைக் கொஞ்சம் நேராக வெட்டிவிட்டுப் புது இணைப்பில் செருக வேண்டும். வெட்டாமல் செருகிய பைப் கொஞ்ச நாளில் திரும்பக் கசியும்.

மறைந்த செலவு வயதில் இருக்கிறது. பன்னிரண்டு வருடப் பைகளில் ஒன்று வெடித்தது என்றால் மற்ற மூன்றும் அதே வயதுதான். இன்று ஒன்று, நான்கு மாதத்தில் அடுத்தது, ஒவ்வொரு முறையும் கூலி, வண்டி நிற்கும் நாட்கள். ஆகவே இணைப்பு, ரிலே, சென்சார், கம்ப்ரசர் சீல் என்றால் அதை மட்டும் செய்யுங்கள். பையே போயிருந்தால், குறைந்தது அந்த ஆக்ஸிலின் (முன் அல்லது பின் ஜோடியின்) இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

## வழி 2: தரமான புதிய ஏர் பாகங்கள்

இதில் லேண்ட் ரோவரின் சொந்தப் பெட்டியில் வருவதும் உண்டு. அதே தரத்தில் டன்லப், ஏஎம்கே, அமெரிக்காவின் ஆர்நாட் போன்றவர்கள் தங்கள் பெயரிலேயே விற்பதும் உண்டு. என் கணக்கில், இந்த வண்டியை மூன்று வருடத்துக்கு மேல் வைத்திருப்பவருக்கும் அதன் முழுத் திறனும் தேவைப்படுபவருக்கும் இதுதான் சரியான வழி.

அந்தத் திறன் என்ன என்பதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். சாதாரண உயரத்தில் 185 மில்லிமீட்டர் இருக்கும் தரை இடைவெளி, சுவிட்சைத் தள்ளினால் 240 ஆகிறது. ஏறி இறங்க 50 மில்லிமீட்டர் தாழ்கிறது. மூட்டுவலியுள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இதன் மதிப்பு தனி. கரடுமுரடான இடத்தில் இடது வலது பைகளுக்கு நடுவே உள்ள வால்வு திறந்து காற்றைப் பகிர்ந்துகொள்வதால், ஒரு சக்கரம் மேலேறும்போது மற்றது கீழே அழுத்தப்படுகிறது. சக்கரத்துக்குச் சக்கரம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டி, இரண்டு சக்கரமும் ஒரே ஆக்ஸிலில் இணைந்த வண்டியைப் போலத் தரையைப் பிடிப்பது இதனால்தான். ஏழு பேர் ஏறினாலும் பின்பக்கம் தொங்காது.

மறைந்த செலவுகள் மூன்று. ஹிட்டாச்சியைக் கழற்றி ஏஎம்கே போடுவதானால் வயரிங்கும் சஸ்பென்ஷன் கம்ப்யூட்டரின் மென்பொருளும் மாற வேண்டும். பாகத்தை மட்டும் விலை கேட்டு வாங்கி வந்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். அடுத்து, டிரையர் பொடி பைப்புகளுக்குள்ளும் வால்வு பிளாக்குக்குள்ளும் போயிருந்தால் அதைச் சுத்தம் செய்யாமல் புதுப் பாகம் போடுவது வீண். மூன்றாவது ஷாக் அப்சார்பர். டிஸ்கவரியில் பையும் ஷாக்கும் ஒரே தூணாக இருக்கின்றன. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஷாக் மேல் புதுப் பை மாட்டுவது பாதி வேலை. தூண் முழுதாக வாங்குவது கூடுதல் விலை, ஆனால் கூலி ஒருமுறைதான்.

## வழி 3: மலிவான நகலும் பழைய பாகமும்

இணையத்தில் பெயர் தெரியாத பைகள் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கின்றன. சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் கழற்றிய தூணும் கிடைக்கும். இவற்றை ஒரேயடியாக ஒதுக்கத் தேவையில்லை. எதைப் பழையதாக வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று பிரித்தால் போதும்.

டேங்க், வால்வு பிளாக், உயர சென்சார், அதன் தாங்கி: இவற்றைச் சோதித்துப் பார்த்துப் பழையதாக வாங்கலாம். காற்றுப்பையைப் பழையதாக வாங்கவே வேண்டாம். ரப்பருக்கு ஓட்டத்தைவிட வயதே எதிரி. விபத்தில் மாட்டிய வண்டி குறைவாக ஓடியிருந்தாலும் பையின் ரப்பர் உங்கள் வண்டியின் ரப்பர் அளவே முதுமை அடைந்திருக்கும். பழைய கம்ப்ரசரும் அப்படித்தான்: வேறொரு வண்டியின் கசிவுக்காக ஓடி ஓடித் தேய்ந்ததாக இருக்கும்.

பெயரில்லாத புதுப் பை சில மாதம் நன்றாகவே நிற்கும். விற்க முடிவுசெய்துவிட்ட வண்டிக்கு அதைப் போட்டு, வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லி விலை பேசுவது நியாயமான வழி. மறைத்து விற்பது நியாயமில்லை. வாங்கியவர் குடும்பத்தோடு மலைப்பாதையில் நிற்க நேரும்.

## வழி 4: காயில் ஸ்பிரிங்குக்கு மாற்றுவது

அமெரிக்காவில் ஸ்ட்ரட்மாஸ்டர்ஸ் போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே தொகுப்புகள் விற்கின்றன. டிஸ்கவரி 3-ஐ லேண்ட் ரோவரே பிரிட்டன் போன்ற சில சந்தைகளில் அடிப்படை மாடலாகக் காயிலோடு விற்றது. ஆகவே இந்த வண்டிக்குக் காயில் முடியாத காரியம் இல்லை. ஒருமுறை சரியாகச் செய்தால் கம்ப்ரசர், வால்வு, பை என்ற கவலை முழுதாக நீங்கும். எந்த மெக்கானிக்கும் கை வைக்கலாம்.

ஆனால் ‘மலிவு’ என்று சொல்லி விற்கும்போது சொல்லாமல் விடுபவை நிறைய. கம்ப்யூட்டருக்குக் காற்று போய்விட்டது என்று சொல்லிக்கொடுக்காவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், வேகத்தைக் குறைக்கச் சொல்லும். அதற்கு வண்டியின் கம்ப்யூட்டரில் உள்ள அமைப்பு விவரக் கோப்பை மாற்றத் தெரிந்தவர் வேண்டும். அதாவது எந்த ஸ்கேனர் இல்லாததால் காயிலுக்குப் போகிறோமோ, அதே ஸ்கேனர் தேவைப்படுகிறது. உயரம் ஒன்றாக நின்றுவிடும். சாலைக்கேற்ப வண்டியை மாற்றும் டெரெய்ன் ரெஸ்பான்ஸ் வசதியில் உயரம் சார்ந்த பகுதி போய்விடும். உயர்த்திய நிலையில் 700 மில்லிமீட்டர் வரை தண்ணீரில் இறங்கும் கணக்கையும் மறந்துவிட வேண்டும். ஸ்பிரிங் ஒரு எடைக்குத்தான் பொருந்தும்: காலி வண்டிக்கு ஏற்றது ஏழு பேருக்குத் தொங்கும், ஏழு பேருக்கு ஏற்றது காலியில் குதிக்கும்.

இந்தியாவில் சட்டத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. மாற்றுவதற்கு முன் ஆர்டிஓவிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விபத்துக்குப் பிறகு இந்தக் கேள்வி உங்களிடம் வருவதைவிட இது எளிது.

வண்டிக்கு வண்டி இந்த வழியின் சிக்கல் மாறும். டிஸ்கவரி 3, 4-ல் ஷாக் அப்சார்பர் சாதாரண வகை, அதனால் ஓரளவு எளிது. பிஎம்டபிள்யூ எக்ஸ்5-ல் பல வண்டிகளுக்குப் பின்பக்கம் மட்டுமே காற்று, அங்கே இன்னும் எளிது. மின்னணுக் கட்டுப்பாட்டு ஷாக் உள்ள க்யூ7, ஜிஎல் வண்டிகளில் அந்தக் கட்டுப்பாட்டையும் சேர்த்து இழக்கிறீர்கள்.

## ஒரே பார்வையில்

| | பழுதை மட்டும் | புதிய ஏர் பாகங்கள் | மலிவு / பழையது | காயில் |
|---|---|---|---|---|
| முதல் செலவு | மிகக் குறைவு | மிக அதிகம் | குறைவு | நடுத்தரம் |
| மறைந்த செலவு | அடுத்த பாகம் போகும்போது திரும்பக் கூலி | மென்பொருள், பைப் சுத்தம், ஷாக் | திரும்பத் திரும்ப வேலை | அமைப்பு மாற்றம், காப்பீடு, மறுவிற்பனை |
| ஸ்கேனர் தேவை | கண்டறியவும் அழுத்தத்தை வெளியேற்றவும் | ஆம், அளவுத்திருத்தத்துக்கும் | ஆம் | தொடக்கத்தில் ஒருமுறை |
| வண்டியின் திறன் | அப்படியே | அப்படியே | அப்படியே, நிற்கும் வரை | குறையும் |
| யாருக்கு | பழுது எங்கே என்று உறுதியானவருக்கு | நீண்ட நாள் வைத்திருப்பவருக்கு | விரைவில் விற்பவருக்கு | உதவி கிடைக்காத ஊரில், ஒரே மாதிரிப் பாரத்தோடு ஓட்டுபவருக்கு |

## நான் யாருக்கு எதைச் சொல்வேன்

பத்து வருடம் தாண்டிய டிஸ்கவரி, முதல்முறை இறங்குகிறது, இன்னும் பல வருடம் ஓட்டும் எண்ணம் என்றால்: கசியும் ஆக்ஸிலுக்கு இரண்டு புதுத் தூண்கள், கம்ப்ரசருக்குச் சீலும் டிரையரும், புது ரிலே. வழி 1-ம் வழி 2-ம் கலந்த இந்தக் கலவைதான் பெரும்பாலானோருக்குப் பொருந்தும். மற்ற ஆக்ஸிலை அடுத்த வருடச் செலவாக ஒதுக்கிவையுங்கள்.

அதே வண்டி, ஆனால் பெரும்பாலும் நிற்கிறது, மாதத்தில் சில நாள்தான் ஓடுகிறது என்றால் வழி 1 போதும். கைக்கு அடக்கமான கேப் ஐஐடி போன்ற லேண்ட் ரோவருக்கான கருவி ஒன்றை வாங்கிவையுங்கள். ஒரு தவறான கம்ப்ரசரைத் தவிர்த்தாலே அதன் விலை திரும்பி வந்துவிடும்.

எஸ்டேட்டில் நாள்தோறும் ஒரே மாதிரிப் பாரம் ஏற்றும் வண்டி, பக்கத்துப் பெருநகரம் பல மணி நேரப் பயணம், வண்டி ஒரு நாள் நின்றாலும் வேலை கெடும் என்ற நிலையில் காயிலுக்கு மாறுவதை நான் தடுக்க மாட்டேன். நகரத்தில் இருந்துகொண்டு, ஒரு மூலை இறங்கியதற்காக மட்டும் காயிலுக்கு மாறுவதைக் கண்டிப்பாகத் தடுப்பேன்.

முடிவை இரண்டு மாதம் தள்ளிப்போட வேண்டியிருந்தால், தானாக எழுந்துகொள்ளும் வரை மெதுவாக ஓட்டலாம். கம்ப்ரசர் தேய்கிறது என்பதை அறிந்தே ஓட்டுங்கள். முற்றிலும் இறங்கிய வண்டியை ஓட்டக் கூடாது. ரப்பர் தடுப்பின் மேல் வண்டி உட்கார்ந்திருக்கும், ஒவ்வொரு குழியும் நேராகச் சேஸிஸில் அடிக்கும், டயர் மட்கார்டில் உரசும். பிளாட்பெட் வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

பட்டறையில் மதிப்பீடு வாங்கும்போது இவற்றை எழுத்தில் கேளுங்கள்: கசிவு எந்த இடத்தில் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எந்த ஃபால்ட் கோடு வந்தது, போடப்போகும் பாகம் எந்த நிறுவனம், உற்பத்தித் தேதி என்ன, வேலைக்குப் பின் நான்கு மூலைகளின் உயரத்தையும் அளவுத்திருத்தம் செய்வீர்களா, வீல் அலைன்மென்ட் சேர்த்தா தனியா, கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா. முதல் கேள்விக்கே தெளிவான பதில் வராவிட்டால், மற்றவற்றைக் கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போங்கள்.